பிரேக் மாஸ்டர் வீட்டு வாய்க்கால்

என் அக்கா புருஷனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, வலது கால் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நான் கத்தியைக் கையில் எடுத்தால் போதும், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் கால் தரையை அழுத்தும். அக்கா ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றினால் அழுத்தும். டிவியில் முன்பின் தெரியாத ஒருத்தி மாடிப்படி இறங்கினாலும் அழுத்தும். அவர் நாற்காலிக்கு முன்னால் விரித்திருந்த பாய் அந்த ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டையாகித் தரை தெரிந்தது. புதுப் பாய் வாங்கிப் போட்டோம். அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது.

அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். வாழ்க்கை முழுவதையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே கழித்தவர். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, அத்தான் காலடியில் அவருக்கென்றே இன்னொரு பிரேக் இருக்கும். அதனால்தான் பிரேக் மாஸ்டர் என்ற பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் வழி காட்ட ஆள் இல்லை.

ஆரம்பத்தில் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது. அவருடைய முதல் மாணவர் அவருடைய அப்பாவேதான். பெரியவர் ஒரு நாள் கடைத்தெரு முனையில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், எதிரே இருந்த மரச்சாமான் கடைக்குள் காரை நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெரியவர் நிதானமாக இறங்கி, விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். ஊரே சிரித்தது, அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே மெக்கானிக்கிடம் போய்ப் பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அப்பா மேல் போன நம்பிக்கை அப்புறம் யார் மேலும் திரும்பி வரவில்லை என்பது என் கணிப்பு.

அவரிடம் பழகியவர்கள் யாரும் இதுவரை விபத்தில் சிக்கியதில்லை. எப்படிச் சிக்குவார்கள்? அவர்கள் போகிற வேகத்துக்கு நடந்து போகிறவர்கள்தான் ஹாரன் அடிக்க வேண்டும். ஒரு தெருவில் பின்னால் வரிசையாக வண்டிகள் கத்திக்கொண்டு நிற்க, முன்னால் ஒரு கார் மட்டும் தனக்கென்ன என்று ஊர்ந்துகொண்டிருந்தால், அதை ஓட்டுகிறவர் அத்தானிடம் படித்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அக்காவுக்கும் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தார். வண்டி வாசலைத் தாண்டவில்லை. அவள் கியர் மாற்றுவதற்கு முன்னாலேயே இவர் பிரேக்கை அழுத்திவிடுவார். அக்கா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நான் கார் ஓட்டப் பழகவில்லை, நின்ற காரில் உட்காரத்தான் பழகினேன் என்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கல்யாணத்தில் ஆசை போனது அத்தானைப் பார்த்துத்தான் என்று அவர் காதுபடவே சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தக் கால் மட்டும் ஒரு அழுத்து அழுத்தும்.

இனி வீட்டு விஷயம். நாங்கள் குடிவந்தபோது வீடு தெருவைவிட உயரம். தெருவில் ரோடு போடப் போட, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடப் போட, தெரு எழும்பி வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் வாசல் சரிவில் இறங்கி, ஷட்டருக்கு அடியில் புகுந்து, கார் ஷெட்டின் சிமென்ட் தரையில் பரவி, உள்கதவைத் தாண்டி, அடுப்படிக்குப் போகிற நடைக்கு வந்துவிடும். சொந்தக்காரர்கள்கூட அத்தனை உரிமையாக நுழைய மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் அக்கா அந்த நடையில்தான் விழுந்தாள். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓரமாகச் சுவரைப் பிடித்தபடி, ஈரத்தில் நிதானமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். அத்தான் அதைப் பார்த்தார். அவள் காலடியில் அழுத்துவதற்குப் பிரேக் இல்லாததால் வாயால் போட்டார். "நில்லு" என்று அவர் கத்திய கத்தலில் அக்கா தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள், அடுத்த நொடி கூடையோடு தரையில் கிடந்தாள். முழங்கால் போயிற்று. கட்டுப் போட்டுப் படுத்தாள், கட்டுப் பிரித்து நடந்தாள், இன்றைக்கும் படியேறும்போது முகம் சுளிக்கிறாள்.

அந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விழுந்ததற்குக் காரணம் தண்ணீர் என்பது அத்தான் கட்சி. காரணம் சத்தம் என்பது அக்கா கட்சி. நான் நேரில் பார்த்த சாட்சி, ஆனால் என்னை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

அக்கா மகன் வேறு ஊரில் இருக்கிறான், உயரமான கட்டடத்தில் வீடு. வந்து பார்த்துவிட்டு, இந்தக் குளத்தில் எத்தனை நாள் நீந்துவீர்கள், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றான். அக்கா யோசித்தாள். கடைசியில், அடுத்த மழைக்கு நடையில் தண்ணீர் வந்தால் அவனோடு கிளம்பிவிடுவேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். உங்களுக்கு வர இஷ்டமிருந்தால் வாருங்கள் என்று அத்தானிடம் சொன்ன தொனியில் இஷ்டமில்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதும் இருந்தது. மகன் வீட்டுக் கட்டடத்தில் அத்தானின் காரை நிறுத்த இடம் கிடையாது. அந்தக் காரை விட்டு அவர் வர மாட்டார். ஆக அக்கா போனால் அவரும் அந்தக் காரும்தான் மிச்சம். மாடியறையில் நான் மட்டும் இருந்து என்ன செய்ய?

அத்தான் அன்று சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்கூட அசையவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவ்வளவு பயந்துபோன மனிதரை நான் ஊசி முனையில்கூடப் பார்த்ததில்லை.

முதலில் அவரே வைத்தியம் பார்த்தார். ஷட்டருக்கு அடியில் சாக்குகளைச் சுருட்டி வைத்தார். தண்ணீர் சாக்கையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது. ரப்பர் பட்டை ஒட்டினார். ஷட்டர் அதைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

மேஸ்திரி தெரிந்தவர், நல்ல வேலைக்காரர். வந்து தரையைச் சுற்றிப் பார்த்தார். ஷட்டருக்கு உள்பக்கம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, தரையைக் குறுக்கே வெட்டி வாய்க்கால் எடுக்க வேண்டும், மேலே இரும்புக் கிராதி போட வேண்டும், ஒரு முனையில் குழாய் வைத்துச் சுவரைத் துளைத்துப் பக்கத்துச் சந்தின் சாக்கடையில் விட வேண்டும், சந்து நம் தரையைவிடப் பள்ளம் என்றார். வாய்க்காலின் அடி, குழாய் இருக்கும் முனையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சரிவைத்தான் அவர்கள் வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாகப் போய்விடும், வழி சொல்ல ஆள் வேண்டாம் என்றார். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுதான். மேஸ்திரியும் அத்தானிடம் கார் பழகியவர்.

பழைய பாடம் அவர் உடம்பில் ஊறிக் கிடந்தது. அத்தான் குரலில் "மெதுவா" என்ற சொல் காதில் விழுந்தால் அவர் கை தானாகத் தளரும். "போதும்" என்றால் நின்றேவிடும். இது தனக்கே அவமானமாக இருக்கிறது என்றும், பெண்டாட்டி ஆயிரம் தடவை போதும் என்று சொல்லியும் நிற்காத கை அது என்றும் அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வேலை ஆரம்பித்தது. மேஸ்திரி நூல் பிடித்து இரண்டு கோடு போட்டு, வெட்டும் மெஷினை இயக்கினார். தூசி கிளம்பி வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே வயதாகிவிட்டது. அத்தான் கூடத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாய் வர வேண்டிய முனையில் போட்டு உட்கார்ந்தார். அந்த முனையில்தான் வாய்க்கால் எல்லாவற்றிலும் ஆழமாக இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாய் அந்தத் தரைக்கடியில் எங்கோ போகிறது என்று அத்தானுக்கு ஒரு சந்தேகம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் என்ன செய்வார்? அழுத்தினார். மேஸ்திரி உளியை வைத்து நாலு தட்டு தட்டுவதற்குள் மெதுவா, மெதுவா, போதும் என்று வந்துவிடும். உளி நின்றுவிடும்.

எதிர்முனையில் நிலைமை வேறு. அங்கே மேஸ்திரி போனபோதெல்லாம் அத்தானுக்கு யாராவது பழைய மாணவரிடமிருந்து போன் வரும். அவர் வெளியே போய், எந்த கியரில் எந்தப் பாலம் ஏறலாம் என்று விளக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மேஸ்திரி விட்டேனா பார் என்று தோண்டித் தள்ளுவார். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தேன். அத்தான் இருந்த இடமெல்லாம் மேடு, அத்தான் இல்லாத இடமெல்லாம் பள்ளம். அவர் எப்போது எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அந்தக் குழியைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருந்தது. கடைசியாக எதிர்முனைச் சுவரை ஒட்டி ஒரு சாண் பாக்கி இருந்தது. அதை வெட்டினால் சுவர் விரிசல் விடும் என்று அங்கேயும் ஒரு "போதும்" விழுந்தது.

மேஸ்திரிக்குத் தப்பு தெரியாமல் இல்லை. குழாய் முனை ஆழம் போகாததால், வாட்டம் வருவதற்காக மொத்த வாய்க்காலையும் தூக்கி வைத்துப் பூசினார். கிராதி போட்டு முடித்தபோது அது தரையைவிட ஒரு விரல் உயரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. வாழ்நாள் முழுக்க வேகத்தடையைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கும்பிட்ட அத்தான், இப்போது சொந்த ஷெட்டுக்குள்ளேயே ஒன்று கட்டிவிட்டார். அவர் முகத்தில் திருப்தியைக்கூடப் பார்த்தேன்.

சிமென்ட் இறுகியதும் நான்தான் வாசல் சரிவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஷட்டர் அடியில் நுழைந்தது, கிராதியின் மேட்டில் முட்டியது, ஒரு கணம் யோசித்தது. பிறகு மேட்டை ஒட்டியே ஓடி, சுவரோரம் விட்டிருந்த அந்த ஒரு சாண் இடைவெளியைக் கண்டுபிடித்து, நேராக நடைக்குள் பாய்ந்தது. முன்பெல்லாம் நடந்து வந்த தண்ணீர் இப்போது ஓடி வந்தது.

உள்கதவருகே அக்கா நின்றிருந்தாள். அவள் பாதம் நனைந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. உள்ளே போய் மகனுக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வந்து கூட்டிப் போகச் சொன்னாள். அப்புறம் பரண் மேலிருந்த பெரிய பெட்டியை என்னை இறக்கச் சொல்லித் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் ஸ்டூல் மேல் ஏறியபோது கூடத்திலிருந்து அழுத்தும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன், அத்தான் ஷெட்டில் அந்தக் கிராதியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் மேஸ்திரியைத் தேடிப் போனேன். வேறொரு வீட்டில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். வர முடியாது என்றார். தன் தொழில் வாழ்க்கையில் வாட்டம் தப்பிய ஒரே வேலை அது என்றும், தூங்கினால் அந்தக் கிராதி கனவில் வருகிறது என்றும் சொன்னார்.

"சார் முன்னாடி இருந்தா என் கை நின்னுடுதும்மா. அவரை எங்கயாவது அனுப்பி வைங்க, நான் வந்து உடைச்சு சரி பண்ணித் தரேன்."

அத்தானை எங்கே அனுப்புவது? வீட்டில் கல்லும் மண்ணும் பெயர்கிறபோது அவர் ஊருக்கு வெளியே போனாலும் மனசு இங்கேதான் அழுத்திக்கொண்டிருக்கும். யோசித்து ஒரு பொய் சொன்னேன். வேலை நடக்கும்போது காரைத் தெருவோரம் நிறுத்த வேண்டியிருக்கிறது, போகிற வருகிறவன் யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது, வண்டிக்குள் ஆள் இருந்தால் நல்லது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். வாசல் சரிவின் உச்சியில், மூக்கு தெருவைப் பார்க்க, பின்பக்கம் ஷெட்டைப் பார்க்க, காரை நிறுத்தினார். நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பழக்கம்.

மேஸ்திரி போட்டதையெல்லாம் பெயர்த்தெடுத்தார். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாய் முனைக்கு வந்து உளியில் ஒரு அடி கொடுத்தார். வெளியே காரின் பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தது.

இன்னொரு அடி. இன்னொரு சிவப்பு. அத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறார். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது, சத்தம்தான் இல்லையே, எரிந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஆனால் ஆழம் போகப் போக விளக்கு அணையாமல் நின்று எரிய ஆரம்பித்தது. மேஸ்திரியின் கை தடுமாறியது. சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அத்தான்தானே. மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சாக்கை எடுத்து விளக்கை மூடலாம் என்று நான் கிளம்பினேன். அதற்குள் அக்கா என்னைத் தாண்டிப் போனாள். வலிக்கிற முழங்காலோடு சரிவில் ஏறி, கார் கதவைத் திறந்து, ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருக்கும் டீ எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டுக்கேட்கத்தான் போனேன், டீ ஒரு சாக்கு. கண்ணாடி இறக்கியிருந்தது.

"நான் தண்ணியில வழுக்கலைங்க," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒழுங்காத்தான் வந்துக்கிட்டிருந்தேன். நீங்க நிறுத்தினீங்க, விழுந்தேன்."

அத்தான் நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "அன்னிக்கே தெரியும். ஒத்துக்கிட்டா நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. தண்ணியை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்."

அக்கா ஸ்டியரிங்கை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, காலை எடுங்க, அந்த ஆள் வேலை செய்யட்டும் என்றாள். நான் டீயைக் கொடுக்காமலேயே பின்பக்கம் வந்து பார்த்தேன். சிவப்பு அணைந்தது. உள்ளே உளிச் சத்தம் கேட்டது, சிவப்பு லேசாக மினுக்கி மறுபடி அணைந்தது. அப்புறம் வரவில்லை. இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

மேஸ்திரி அன்று தோண்டிய தோண்டலைப் பார்க்க வேண்டுமே. எத்தனை வருஷத்து பாக்கியோ, அத்தனையும் தீர்த்துக்கொண்டார். அத்தான் பயந்த தண்ணீர்க் குழாய் அந்த முனையில் இல்லவே இல்லை. உடைந்த செங்கல்லும், முதல் பூச்சின்போது காணாமல்போன மேஸ்திரியின் கரண்டியும்தான் கிடைத்தன. சுவர் ஓரத்து ஒரு சாணையும் வெட்டினார், சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சரிவு காட்டும் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து அடியைப் பூசினார். இந்தத் தடவை கிராதி தரையைவிட ஒரு நகக்கனம் தாழ்ந்து, அடக்கமாக உட்கார்ந்தது. நன்றாக இறுகுகிறவரை வண்டி ஏறக் கூடாது, நான் சொல்கிறபோது ஏற்றினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மகனை வர வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை. நான் கேட்டதற்கு, தண்ணி சொல்லட்டும் என்றாள். அத்தான் கேட்கவே இல்லை. காலையும் மாலையும் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இரண்டுக்கும் அவரிடம் பிரேக் இல்லை.

வண்டி ஏற்றலாம் என்று மேஸ்திரி வந்து சொன்ன அன்றைக்கே மழையும் வந்தது, மகனும் வந்தான். குடையை மடக்கிவிட்டு உள்ளே நுழைந்தவன் உட்காரக்கூட இல்லை, அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டின் நடுவில் வைத்தான். வாடகை வண்டி அரைமணியில் வரும் என்றான். பிள்ளை பாசமானவன்தான், அந்த நேரத்துக்குக் கன்னத்தில் ஒரு அறை கொடுக்கலாம் போலிருந்தது.

நாங்கள் எல்லோரும் ஷெட்டில் வரிசையாக நின்றோம். மேஸ்திரியும் போகாமல் நின்றார், தூக்கத்தைக் கெடுத்த கிராதி ஆயிற்றே. தெருவில் தண்ணீர் திரண்டது. சரிவில் இறங்கியது. ஷட்டர் அடியில் வழக்கமான உரிமையோடு நுழைந்தது. கிராதிக்கு வந்தது, தொபதொபவென்று உள்ளே விழுந்தது, குழாய் முனையை நோக்கிக் களகளவென்று ஓடியது. சந்துப் பக்கம் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. கிராதிக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மகன் நம்பாமல் நடையில் காலுறையோடு நடந்து பார்த்தான், காலுறையைக் கழற்றித் தொட்டும் பார்த்தான். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண்ணில் தூசி என்றார்.

அத்தான் தண்ணீரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். முதலில் வண்டி உள்ளே வரட்டும், எத்தனை நாளாக வெளியில் நிற்கிறது என்றாள். அத்தான் கை நீட்டினார், அக்கா சாவியைக் கொடுக்கவில்லை.

"நான் எடுக்கிறேன். நீங்க வேணா பக்கத்துல உக்காருங்க."

இருவரும் மழையில் ஏறிப் போனார்கள். மேஸ்திரி ஷட்டரை முழுக்க உயர்த்தினார். நாங்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டோம். வண்டி உறுமியது, குலுங்கியது, ஒரு தடவை அணைந்தது, மறுபடி உறுமியது. பின்னோக்கி வருகிற வெள்ளை விளக்கு எரிந்தது. சரிவில் வண்டி மெல்ல இறங்க ஆரம்பித்தது. எங்கள் கண்ணெல்லாம் அந்தச் சிவப்பு விளக்குகள் மேல்தான். அவை எரியவில்லை. வண்டி கொஞ்சம் கோணியது. எரியவில்லை. ஷட்டர் தூணைக் கிட்டத்தட்ட முத்தமிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அப்போதும் எரியவில்லை. மேஸ்திரியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் காலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

பின்சக்கரங்கள் கிராதியின் மேல் ஏறி இறங்கின, டக் டக். கிராதி அசையவில்லை. அப்போதுதான் ஷெட்டின் நடுவில் பெட்டி இருப்பது எனக்கு உறைத்தது. மகன் பாய்ந்து அதை எடுக்கப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அடிபட்டுவிடுவானே என்றுதான் பிடித்தேன் என்று அவனிடம் சொன்னேன், அதில் பாதிதான் உண்மை.

கார் பெட்டியைத் தொட்டது. தள்ளியது. பெட்டி தரையில் உரசிக்கொண்டே போய்ப் பின்சுவரில் சாய்ந்தது. கார் அதை விடாமல் போய் ஒரு அமுக்கு அமுக்கியது, ஏதோ நொறுங்கியது. அதற்கப்புறம்தான் சிவப்பு எரிந்தது, அக்கா பிரேக் போட்டிருந்தாள்.

அக்கா இறங்கி வந்து பின்பக்கம் பார்த்தாள். பெட்டி ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. மகன் குனிந்து திறக்கப் பார்த்தான். பூட்டு உள்வாங்கிக்கொண்டு அசைய மறுத்தது. அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி பெட்டி இருக்குன்னு சொல்லக் கூடாதா? உங்க பக்கம் பிரேக் இருந்துச்சே."

அத்தான் மறுபக்கத்திலிருந்து இறங்கினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் காலில் செருப்பு இல்லை. இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். செருப்பு அந்தப் பிரேக்கின் பக்கத்தில் அனாதையாகக் கிடந்தது.

"கண்ணாடியில பார்த்தேன்," என்றார். "நசுங்கினா நசுங்கட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா அவரைப் பார்த்தாள், சப்பையான பெட்டியைப் பார்த்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலையும் மறந்து, அவள் சிரித்த சிரிப்பை நான் கேட்டுப் பல வருஷமாகிறது. அத்தான் தானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா மகனிடம் வாடகை வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள், பெட்டி திறக்கிறவரை தன்னால் எங்கேயும் கிளம்ப முடியாது என்றாள்.

அந்தப் பெட்டி இன்னும் ஷெட்டின் மூலையில்தான் இருக்கிறது. பூட்டை உடைக்க யாரையும் அத்தான் கூப்பிடவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அவளுடைய நல்ல துணியெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டதால் இப்போது என் துணிகளைத்தான் போட்டுக்கொண்டு, கடைத்தெருவுக்குத் தானே கார் ஓட்டிப் போய் வருகிறாள்.